பக்கப்பலகைக்குப் பட்டை ஒட்டப் பாலம் கடந்த கதை

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் சென்று ஒரு கித்தார்ப் பட்டறையைப் பார்த்துவர என்ன செலவாகும், எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்பதை வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அந்த வரிசையைப் பேருந்து எல்லைப் பாலத்திலேயே கெடுத்துவிட்டது. 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான்; நடந்து சென்றவர்கள் எங்களை முந்திக்கொண்டு போவதை பேருந்தின் குளிரூட்டிக் குளிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். என் மடியில், ஒட்டுப்பலகைச் சட்டத்தில் கட்டிய, நான் செய்துவரும் கித்தாரின் இரண்டு பக்கப்பலகைகள் இருந்தன. பலா மரத்தை இழைத்து, நனைத்து, சூடான குழாயின் மேல் நானே வளைத்தவை. சனிக்கிழமைக் காலையில் இந்தப் பாலத்தைக் கடக்க நினைப்பவர்கள் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது.

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் மழை. பட்டறை இருக்கும் சுங்கை காடுட் நடந்துவிடக்கூடிய தூரம்தான் என்றாலும், வளைத்த பலகையை நனைய விட முடியாது என்பதால் டாக்சி பிடித்தேன். அந்தச் சிறு தூரத்துக்குக் கொடுத்த சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) மூன்றுக்கும் மேலான எண்ணால் பெருக்கி ரிங்கிட்டாக்கிப் பார்த்தபோது, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடலாமா என்று தோன்றியது.

பட்டறைக்குள் நுழைந்ததும் அந்தக் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. அறைகலன் பட்டறைகளுக்கு நடுவே, ஓய்வு பெற்றபின் கித்தார் செய்துகொண்டிருக்கும் ஓர் அண்ணனின் சிறிய அறை அது. என் பலகைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "பலாவா தம்பி? வீணைக்கு எடுத்த மரமாச்சே!" என்று சிரித்தார். ஆனால் வீணைக் குடம் தடித்த பலாக்கட்டையைக் குடைந்து செய்வது. கித்தாரின் பக்கமோ சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள தகடு. மரத்தின் இழை அதில் நீளவாக்கில் ஓடுவதால், எங்காவது ஓர் இடி பட்டால் விரிசலும் அதே இழையைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடிவிடும். அதை வழிமறிப்பதற்காகத்தான் உட்புறத்தில், இழைக்குக் குறுக்காகப் பட்டைகள் ஒட்டப்படுகின்றன. அகன்ற கீழ் வளைவில் அவை மிகவும் தேவை. இடுப்புப் பகுதிக்கு அதன் வளைவே போதிய விறைப்பைத் தருகிறது.

துணிப் பட்டையா மரப் பட்டையா என்பது எங்களிடையே நெடுநேரம் ஓடிய வழக்கு. பழைய வழக்கப்படி பருத்தி நாடாவைத் தோல் பசையில் தோய்த்து ஒட்டலாம். எடை சேராது, வளைவோடு படிந்துவிடும், ஆனால் அந்தப் பசை ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் இளகக்கூடியது. அண்ணனின் கட்சி மரம். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தை மெல்லிய பட்டையாக அறுத்து, ஒட்டும் முகத்தைப் பக்கத்தின் வளைவுக்கேற்ப உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுகிறார். பட்டை மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை முழுதாக ஓட வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. பக்கத்தின் உள்விளிம்புகளில் ஓடி மேல்பலகையையும் பின்பலகையையும் தாங்கும் லைனிங் கட்டையில் பட்டையின் அகலத்துக்குப் பள்ளம் வெட்டிக்கொள்கிறார். பட்டையை லைனிங்குக்குச் சற்று முன்பே நிறுத்தினால், இரண்டுக்கும் இடையில் விடுபட்ட மெல்லிய கோடே விரிசலுக்குப் பாதையாகிவிடும்.

பயணச் செலவு முழுவதற்கும் ஈடான விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. மரம் ஈரத்தில் குறுக்குவாக்கில் உப்பும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. ஆகவே பக்கப்பலகை தன் அகலத்தில் உப்பிச் சுருங்கும்போது, குறுக்கே ஒட்டிய பட்டை அசையாமல் நிற்கும். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். அந்தக் காற்றில் உப்பியிருக்கும் பலகைக்குப் பட்டை ஒட்டி, பிறகு கித்தாரைக் குளிரூட்டிய படுக்கையறையில் வைத்தால், பலகை சுருங்கப் பார்க்கும், பட்டை விடாது, விரிசலைத் தடுக்க வைத்த பொருளே விரிசலைத் தொடங்கிவைக்கும். எனவே அண்ணன் ஈரம் நீக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, ஈரமானியில் முள் 45 விழுக்காட்டருகே நின்ற பிறகே பசையைத் தொடுகிறார். வறட்சியில் ஒட்டிய பட்டை பின்னர் ஈரக் காற்றுக்கு வந்தால் பலகை நெரிபடுமே தவிர இழுபடாது. இழைக்குக் குறுக்காக வரும் இழுப்பைவிட நெரிப்பை மரம் நன்றாகத் தாங்கும்.

மாலையில் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போனேன். கித்தார்க் கடைகள் நிறைந்த கட்டடம் அது. சிறு விளக்கையும் பல் மருத்துவர் கண்ணாடியையும் ஒலித்துளை வழியே விட்டுப் பார்க்க, ஒரு கடைக்காரர் தயங்காமல் அனுமதித்தார். மற்றொருவர் நான் ஏதோ களவாட வந்ததுபோல் பக்கத்திலேயே நின்றார். மலிவான கித்தார்கள் பலவற்றில் பட்டையே இல்லை, ஆனால் அவற்றின் பக்கம், இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய ஒட்டுப்பலகை என்பதால் பழி சொல்ல முடியாது. ஒற்றை மரப் பக்கம் என்று விலை கூட்டி விற்கும் ஒரு கித்தாரில் பட்டைகள் லைனிங்கைத் தொடாமலே நின்றிருந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தள்ளிப்போட்ட சாப்பாடு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஆட்டிறைச்சிப் பிரியாணியாக முடிந்தது. எலும்பிலிருந்து தானாகக் கழன்ற கறி. அந்த விலையை நான் ரிங்கிட்டில் பெருக்கவில்லை.

ஈரம் நீக்கும் இயந்திரத்தின் விலையைப் பெருக்கிப் பார்த்தேன். கித்தாருக்கு இதுவரை வாங்கிய மரம் முழுவதையும்விட அது அதிகம். திறந்த தாழ்வாரத்தில் இருக்கும் என் மேசையில் பட்டை ஒட்டுவதில் பொருளில்லை என்பதால், பலகைகளை அண்ணனின் அறையிலேயே காய விட்டுவந்திருக்கிறேன். ஒட்டுவதற்கு அடுத்த மாதம் வாரநாள் ஒன்றில் போவதாக இருக்கிறேன். மின்சாரத்துக்கு ஏதாவது கொடுத்தால் போதும் என்றிருக்கிறார்.