கோட்டை மிதித்தால் ஒரு புள்ளி போச்சு

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி, கோட்டை மிதித்தாலோ உள்ளே நின்றாலோ இரண்டுதான்) 1986-87 சீசனில் வந்தபோது 19 அடி 9 அங்குலத்தில் இருந்தது. 2008-ல் ஓர் அடி பின்னால் போனது. 2019-ல் முதல் டிவிஷனில் சர்வதேச அளவான 22 அடி 1¾ அங்குலத்துக்கு நகர்ந்தது. ஆகவே உங்கள் அணி எங்கிருந்து எறிகிறது, எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் பார்க்கும்போது பழைய சீசன் ஷாட் பதிவுகளை இன்றைய பதிவுகளோடு அப்படியே கலக்காதீர்கள். வளையத்துக்கு நேரெதிரே, கோட்டின் மேல்வளைவில் 21 அடி ஷாட் 2018-ல் மூன்று, இன்று இரண்டுதான்.

அந்த 21 அடி ஷாட்தான் என் கண்ணில் முதல் எதிரி. 36% விழுந்தாலும் மதிப்பு 0.72 புள்ளி. அதே ஆள் ஓரெட்டுப் பின்னால் நின்று 34%தான் போட்டாலும் 1.02. ஆட்டத்துக்கு இப்படி நான்கு ஷாட் என்றால் 1.2 புள்ளி மிச்சம். அதற்குப் புது ஆட்டத் திட்டம் எதுவும் வேண்டாம். பந்து கைக்கு வருமுன் காலைப் பார்த்து நிற்கப் பழக்கினால் போதும்.

பலர் சறுக்குவது அளவெடுப்பதில்தான். தூரத்தை வளையத்தின் மையத்திலிருந்து அளக்க வேண்டும், எண்ட்லைனிலிருந்து (வளையத்துக்குப் பின்னால் இருக்கும் மைதான எல்லைக்கோடு) அல்ல. இடையில் 5 அடி 3 அங்குலம் இருக்கிறது. அதைக் கழிக்க மறந்தால் வளையத்தடி லே-அப் (ஓடிவந்து வளையத்தருகே பந்தைப் போடுவது) எல்லாம் 6, 7 அடி ஷாட்டாகப் பதிவாகும். ‘நம்ம பசங்க ஃப்ளோட்டரில் கில்லாடி’ (சற்றுத் தள்ளி நின்று உயரமாக மிதக்கவிடும் ஷாட்) என்று கோச் நம்பிவிடுவார், பாவம். மூலை ஷாட்டை வைத்துச் சரிபார்த்தால் பிழை பிடிபடாது: வளையத்துக்கு நேர் பக்கவாட்டில் 22 அடி, 22.6 ஆகும், அவ்வளவுதான். லே-அப்பை வைத்துப் பாருங்கள்.

அரைக்கோர்ட்டிலிருந்து கடைசி நொடியில் வீசியவற்றை நீக்குங்கள். எறியும்போது ஃபவுல் வாங்கித் தவறவிட்டது ஷாட் கணக்கிலேயே வராது. 70% போடுபவனுக்கு அதற்குக் கிடைக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ (தடுப்பார் இல்லாமல் எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு) 1.4 புள்ளி. இதைச் சேர்க்காவிட்டால் வளையத்தடி ஆட்டத்தின் மதிப்பு குறைவாகத் தெரியும்.

ஷாட்களைத் தூரவாரியாகப் பிரிக்கும் கட்டங்களைப் பொடிப்பொடியாக வெட்டாதீர்கள். 4 அடிக்குள், 4 முதல் 10, அங்கிருந்து கோடு வரை, கோட்டுக்கு வெளியே, நான்கு போதும். 50 ஷாட்டில் 35% என்றால் பிழை வரம்பு இருபுறமும் சுமார் 13%. அந்த நிலையில் ‘இடது மூலையில் 42%, வலதில் 30%’ என்று வாதாடுவது வீண்.

டிஃபென்ஸில், எதிரணியின் மூன்று புள்ளிச் சதவீதம் பெரும்பாலும் நம் கையில் இல்லை. எத்தனை முறை எறிகிறார்கள் என்பது நம் கையில் இருக்கிறது. கையை உயர்த்தி நிற்பதோடு விடாமல், ஓடிப்போய், எறிபவனைக் கோட்டை விட்டு உள்ளே பந்தைத் தட்டிக்கொண்டு போக வையுங்கள்.

ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்ததும் எறிந்துவிட வேண்டிய நேரம், 30 விநாடி. அதில் 4 மிச்சமிருக்கும்போது எறிந்த 15 அடி ஷாட்டுக்காகப் பையனைத் திட்டாதீர்கள். அவனுக்கு அப்போது வேறு வழி இல்லை. கடைசி 5 விநாடி ஷாட்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள்.