குறுந்தோட்டியிடம் மாட்டிக்கொண்ட மூன்று மாதம்

மூன்று மாதமாக என்னை அலையவிட்ட குறுந்தோட்டிச் செடி விவகாரம் போன ஞாயிற்றுக்கிழமை பாதி தீர்ந்தது. பாதிதான். புதுச்சேரி ஊசுடு ஏரிக்கரையில் "அதே செடிதானே" என்று நான் வாராவாரம் தாண்டிப்போனது உண்மையில் இரண்டு செடி. தாவரவியல் பெயரில் ஒன்று சைடா அக்யூட்டா, இன்னொன்று சைடா ராம்பிஃபோலியா. இரண்டும் ஒரு முழ இடைவெளியில் உரசிக்கொண்டு நிற்கின்றன, ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்தே நின்றிருக்கும்.

செடியை அடையாளம் சொல்லும் ஃபோன் ஆப்பை நம்பியது முதல் தப்பு. மஞ்சள் பூ, ஐந்து இதழ், ஓரத்தில் ரம்பப்பல் வைத்த இலை என்று எதைக் காட்டினாலும் அக்யூட்டா என்றே சொல்லிக்கொண்டிருந்தது, நானும் எழுதிக்கொண்டே வந்தேன், நோட்டில் 23 அக்யூட்டா ஆகிவிட்டது. ஒரு நாள் கால் வலித்து உட்கார்ந்தபோதுதான் பூக்காம்பு கண்ணில் பட்டது. ஒரு செடியில் பூ இலைக்கக்கத்திலேயே ஒட்டினமாதிரி இருக்கிறது, பக்கத்துச் செடியில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் காம்பு நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த 23இல் எத்தனை பொய் என்று இப்போது கடவுளுக்குத்தான் தெரியும்.

தமிழ்ப் பெயரைப் பிடித்துப் போகலாம் என்றால் அது இன்னும் மோசம். அக்யூட்டாவுக்கே அரிவாள்மனைப்பூண்டு என்றும் மலைதாங்கி என்றும் பெயர் உண்டு. குறுந்தோட்டி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு செடியைக் காட்டுவார்கள். சிற்றாமுட்டி என்று சிலர் சைடா கார்டிஃபோலியாவைச் சொல்கிறார்கள், சிலர் பவோனியா என்ற வேறொரு செடியை. நல்லவேளை, பவோனியாவைப் பிரிப்பது ஒரு நிமிட வேலை: புல்லிவட்டத்துக்கு, அதாவது பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணத்துக்கு, வெளியே நூல் நூலாக இன்னொரு வட்டம் இருக்கும், சைடாவில் அது கிடையவே கிடையாது. கரையில் ஆடு ஓட்டிவந்த ஆயாவிடம் கேட்டதற்கு, "பேரு இன்னா பேரு, தொடப்பத்துக்குப் புடுங்குவோம். இழுத்துப் பாரு தம்பி, வேரோட வருதா?" என்றார். என்னிடம் இருந்த எந்த நூலும் அந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

நூல்கள் எல்லாம் சுளையை எண்ணச் சொல்கின்றன. காய் முற்றினால் ஆரஞ்சுச் சுளை மாதிரிப் பிரியும், ஒவ்வொரு சுளைக்குள்ளும் ஒரு விதை. அக்யூட்டாவுக்கு 5 முதல் 8 வரை, ராம்பிஃபோலியாவுக்கு 8 அல்லது அதற்கு மேல், பெரும்பாலும் 10. சரி, எண்ணினால் முடிந்தது என்று நினைத்தேன். ஏரி 2008இலிருந்து பறவைகள் சரணாலயம், உள்ளே நான் ஒரு இலையைக்கூடக் கிள்ளுவதில்லை. அதனால் பத்துக்கண்ணு போகும் சாலையோரத்தில் பத்துப் பதினைந்து காய் எடுத்து வந்து, வெந்நீரில் ஊறவைத்து, கறுப்புச் சார்ட் அட்டையில் குண்டூசியால் பிரித்தேன். முதல் காய் 7. இரண்டாவது 8. மூன்றாவது 6. நான்காவதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா, "இந்தப் புழுக்கத்துல எப்படிடா உக்காந்திருக்க" என்று ஃபேனைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான், எந்தச் சுளை எந்தக் காயினது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

ஃபேன் இல்லாவிட்டாலும் அந்த எண்ணிக்கையை நம்ப முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. முற்றிய காயில் ஒன்றிரண்டு சுளை நாம் தொடுவதற்கு முன்பே உதிர்ந்திருக்கும். 7 என்றால் அது 7தானா, ஒன்று விழுந்த 8ஆ? 8 வந்தால் இன்னும் கொடுமை, அது இரண்டு செடிக்கும் பொது.

வழி பூவுக்குள்ளேயே இருந்தது. சைடாவில் எத்தனை சுளையோ, பூவின் பெண் உறுப்பில் அத்தனை சூல்தண்டுக் கிளை, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு சூல்முடி. நடுவில் மகரந்தக் குழலுக்கு மேலே குட்டிக் குட்டித் தலையாகச் சூல்முடிகள் எட்டிப் பார்க்கும், அதை எண்ணினால் போதும், காயும் வேண்டாம், செடியைப் பறிக்கவும் வேண்டாம். ஆனால் பூ விரிந்திருக்க வேண்டும். நானோ பறவை பார்க்கிறவர்களோடு சேர்ந்து காலை ஆறரைக்குப் போய்ப் பழகியவன். அந்த நேரத்தில் எல்லாம் மொட்டாகச் சுருண்டு தூங்கும். பத்து மணிக்கு மேல்தான் விரிகிறது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் மூடிவிடுகிறது. (துத்தி இதற்கு நேர் எதிர், சாயங்காலம்தான் திறக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு தடவை பெட்ரோல் செலவு.)

லென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆன்லைனில் 30 மடங்கு என்று போட்டிருந்ததை வாங்கிக் காசு போனது, ஓரமெல்லாம் வானவில் தெரிந்ததுதான் மிச்சம். இப்போது வைத்திருப்பது வாட்ச் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர் கொடுத்த பழைய 10 மடங்கு லென்ஸ், கண்ணாடி சுத்தம். 10 மடங்கு என்றால் பொருள் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும், அதனால் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு முகத்தைத்தான் பூவிடம் கொண்டுபோக வேண்டும். ஏரிக்கரையில் பதினொரு மணி வெயிலில் மண்டியிட்டு அப்படிக் குனிந்தால் மூக்கு நுனி வியர்வை சரியாகச் சூல்முடி மேலேயே விழும். இரண்டு பூ அப்படி வீணானது. மூன்றாவதில், குட்டைக் காம்புச் செடியில், தெளிவாக 7. நெட்டைக் காம்புச் செடியில் மூன்று பூவிலும் 10. திரும்ப எண்ணினேன், 10.

அதோடு விட்டிருக்கலாம். சந்தேகம் விடவில்லை, இலையடிச் செதிலையும் பார்த்தேன். அக்யூட்டாவில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் உள்ள செதில்கள் ஜோடி பொருந்தாது: ஒன்று நூல் மாதிரி மெல்லிசு, மற்றது ஈட்டி முனை மாதிரி அகலம், அதில் நரம்புகூட ஓடும். ராம்பிஃபோலியாவில் இரண்டும் ஒரே மாதிரி மெல்லிசு. இதற்கு லென்ஸே வேண்டாம், நல்ல கண் இருந்தால் போதும், பூவும் வேண்டாம், காயும் வேண்டாம், காலை ஆறரைக்கே பார்த்துவிடலாம். மூன்று மாதம்! நுனிப்பக்கத்து இலைகளில் மட்டும் பார்க்க வேண்டும், கீழே செதில் சீக்கிரம் உதிர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதி கார்டிஃபோலியா. இலை வெல்வெட் மாதிரி இருக்கும், சுளையில் இரண்டிரண்டு நீளக் கொம்பு, கொம்பில் பின்னோக்கிய முள்மயிர். அதைக் கரையில் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோது கணுக்காலில் கொம்பு வைத்த சுளை நான்கு ஒட்டியிருந்தது. எந்த இடத்தில் ஒட்டியது என்றுதான் தெரியவில்லை. செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு நிறுவனத்து ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடித் தொகுப்பில், செடி ஒட்டிய தாள்களைப் பார்க்க அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன். அதற்கிடையில் அவுரி இனத்தில் இரண்டு கை விரித்த மாதிரி இருக்கும் மயிரைப் பார்க்க 20 மடங்கு லென்ஸ் ஒன்றுக்கும் மனசு அடித்துக்கொள்கிறது, பெரியவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சாக்ஸ் சுளைகள் தீப்பெட்டியில் இருக்கின்றன. வருகிற ஞாயிறு நடந்த வழியிலேயே திரும்ப நடக்க வேண்டும், அதே சாக்ஸோடு.