உகந்தைக்குப் போகிற வழியில் ஒரு குகை

மகனுக்கு கிழக்கிலங்கையின் உகந்தைமலை முருகன் கோயிலில் முடி இறக்கும் நேர்த்தி நெடுநாளாக நிலுவையில் கிடந்தது. ஆடித் திருவிழாக் கூட்டத்துக்குள் கைக்குழந்தையைக் கொண்டுபோக மாமிக்கு விருப்பமில்லை. அதனால் கொடியேற்றத்துக்கு முன்னமே, ஒரு சனிக்கிழமை விடியப்புறம் அக்கரைப்பற்றிலிருந்து வேனில் புறப்பட்டோம். பொத்துவில், அறுகம்பை, பாணமை தாண்டினால் அப்புறம் கடை கிடையாது. தண்ணீர், கட்டுச்சோறு, கற்பூரம் எல்லாம் முன்னாலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் காட்டுக்குள் இருக்கிறது குடும்பிகல என்ற பழைய பௌத்த மடம். "அது புத்த கோயில்தானே" என்று நம்மவர்கள் பலர் நேரே போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கிறிஸ்துவுக்கு முந்திய காலத்திலேயே துறவிகள் தங்கித் தவமிருந்த குகைகள் அங்கே உள்ளன. இன்றைக்கும் பிக்குகள் வனவாசம் இருக்கிறார்கள்.

பெரும் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகிறது வழி. வெளியே வெயில் சுட்டது. உள்ளே நுழைந்ததும் கல் குளிர்ந்திருந்தது. கையை வைத்தால் ஈரம். வௌவால் மணம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். பின்னால் மாமி "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "மாமி, பயமா?" என்றேன். "பயமில்ல தம்பி, கால் வழுக்குது. ஆர் இருந்தா என்ன, தவமிருந்த இடம். சும்மா வாய மூடிக்கிட்டு வரேலுமா?"

குகை வாயிலுக்கு மேலே பாறையில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். பாறையோடு வழிகிற மழைநீர் உள்ளே இறங்காமல் அந்த விளிம்பில் தட்டி வெளியே சொட்டிவிடும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய வேலை, இன்னும் பழுதில்லை. நம் வீட்டுச் சன்ஷேட் மூன்று மழைக்குத் தாங்குவதில்லை! அங்கே பழங்காலப் பிராமி எழுத்தும் உண்டு. பிராமியில் 'க' கூட்டல் குறி மாதிரி இருக்கும் என்று மகளிடம் சொன்னதுதான் தாமதம், கழுத்து வலிக்க அண்ணாந்து தேடத் தொடங்கிவிட்டாள்.

உச்சிக்கு மொட்டைப் பாறையில் ஏற வேண்டும். மாமி கீழேயே இருந்துவிட்டார். மேலே உருளை வடிவில் ஒரு தாதுகோபம், அதாவது புத்த தூபி. சுற்றிலும் காடு, கிழக்கே கடல்.

உச்சிப் பூசைக்கு உகந்தைக்கு வந்து சேர்ந்தோம். முடி இறக்க ஊரிலிருந்தே ஆளைக் கூட்டி வந்தது நல்லதாய்ப் போயிற்று. கத்தி பட்டதும் அழுதவன், தலையில் சந்தனம் அப்பியதும் அதை நக்கப் பார்த்தான். பூசை முடிந்து வள்ளியம்மனையும் கும்பிட்டுவிட்டு, பாறைமேல் உள்ள சுனைகளைப் பார்க்கப் போனோம். அந்தத் தண்ணீருக்குள்ளும் பிளாஸ்டிக் போத்தல் மிதக்கிறது. நேர்த்தி வைக்கத் தெரிந்தவர்களுக்குக் குப்பையைத் திருப்பிக் கொண்டுபோகத் தெரியாதா?

கடற்கரையில் தோணி மாதிரி ஒரு பாறை. முருகன் வந்திறங்கிய தோணிதான் கல்லாய்ச் சமைந்தது என்பது ஐதீகம். மாமி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் இங்கே தங்கித்தான், திருவிழாவுக்காகக் காட்டுப் பாதை திறந்ததும் குமண வழியே கும்புக்கன் ஆற்றைக் கடந்து யாலைக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். திரும்பும்போது வேனுக்குள் மாமி அந்த நடைக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார்: அரிசி எவ்வளவு, தண்ணீர்க் கான் எத்தனை, ஆர் ஆர் கூட வருவார்கள். பொத்துவில் வருவதற்குள் என் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. என்னை ஒருவரும் கேட்கவில்லை.