எதை ஒன்று என்று எண்ணுவது?

மற்றவர்கள் தரும் சுட்டிகளை (லிங்க்) வைத்து வலைப்பூக்களுக்குத் தரவரிசை போடும் குழுவில் இருந்தபோது, "லிங்க்கை எண்ணுறதுதானே, அதில் என்ன கஷ்டம்?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எதை ஒன்று என்று எண்ணுவது என்பதிலேயே எங்கள் நேரம் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு பதிவர் தன் பக்கப்பட்டியில் நண்பரின் வலைப்பூவுக்குச் சுட்டி வைக்கிறார். அவரிடம் 800 பக்கங்கள் இருந்தால் அந்த ஒரே சுட்டி 800 பக்கங்களிலும் வந்து நிற்கும். அப்படியே எண்ணினால் நண்பருக்கு 800 ஓட்டு. இன்னொருவர் ஒரு கட்டுரையை ஊன்றிப் படித்து, அதோடு மல்லுக்கட்டிப் பதில் எழுதி, நடுவில் ஒரு சுட்டி தருகிறார். அதற்கு ஒரே ஓட்டு. இது அநியாயம். அதனால்தான் சுட்டிகளை விட்டுவிட்டு, சுட்டுகிற தளங்களை எண்ணுவது. வலைப்பூக்களுக்கான தேடுதளமான டெக்னோரட்டி ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தது: கடந்த ஆறு மாதத்தில் எத்தனை வெவ்வேறு வலைப்பூக்கள் சுட்டின என்பதே அது ஒரு வலைப்பூவுக்குத் தந்த 'அத்தாரிட்டி' மதிப்பெண்.

சரி, தளம் என்றால் எது? கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்ஸ்பாட்டில் ஒவ்வொரு துணை டொமைனும் (முகவரியில் blogspot.com-க்கு முன்னால் வரும் பெயர்) ஒவ்வொருவருடையது. எல்லாவற்றையும் ஒரே தளமாக எடுத்தால் அத்தனை பதிவர்களும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒரு நிறுவனத்தின் துணை டொமைன்களைத் தனித்தனியாக எடுத்தாலோ ஒரே ஆள் பத்துப் பேராகிவிடுவார். போதாததற்கு 2012இல் பிளாக்ஸ்பாட் நாட்டுக்கு நாடு முகவரியை மாற்றிக் காட்டத் தொடங்கியது. ஒரே வலைப்பூ, டாட் காமிலும் டாட் இன்னிலும்! முதலில் முகவரிகளை ஒன்றுசேர்க்காமல் எண்ணத் தொடங்கவே கூடாது.

கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் முன்வைத்த பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறை வேறு வழியில் போகிறது. சுட்டும் பக்கத்தின் மதிப்பு, அது தரும் சுட்டிகளுக்கெல்லாம் பங்கு பிரிகிறது. கண்டபடி சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பம். யாருடைய சுட்டி என்பதும் கணக்கில் வருகிறது. எனக்கு இது பிடித்த யோசனை. ஆனால் ஒன்றையொன்று சுட்டிக்கொள்ளும் கூட்டணித் தளங்கள் இதையும் ஏமாற்றப் பார்த்தன.

அப்புறம் காலம். ஆறு மாத எல்லை வைத்தால், 180ஆம் நாள் வரை முழு மதிப்புள்ள சுட்டி மறுநாளே பூஜ்யம். நேற்றைய பரபரப்புக்கு இது சரி. பொறுமையாக எழுதிய, வருடக்கணக்கில் உதவுகிற ஒரு விளக்கப் பதிவு இதனால் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். சுட்டியின் மதிப்பு மெல்ல மெல்லக் குறையட்டும், ஒரேயடியாக வெட்ட வேண்டாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடியிருக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.