பஸ்ஸில் மட்டும் நன்றாகக் கேட்ட காது

இரண்டாவது பிரசவம் முடிந்து சில மாதங்களில், வலது காதில் போனை வைத்தால் எதிராளி கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. முதலில் பார்த்த டாக்டர் அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு பாட்டில் தீர்ந்தது. காது அப்படியேதான் இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், வீட்டில் மெல்லப் பேசினால் கேட்காது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினால், அந்த இரைச்சலிலும் பக்கத்து சீட்டுக்காரர் பேசுவது நன்றாகக் கேட்கும். முறுக்கைக் கடித்தாலோ மண்டைக்குள் கல் உடைக்கிற சத்தம். "உனக்கு வேண்டியது மட்டும் கேட்குமோ?" என்று அத்தை கேலி செய்வார்.

அடுத்துப் போன காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இந்த பஸ் கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசையிலிருந்து இசைக்கவையை எடுத்துத் தட்டினார். காதுக்கு எதிரே பிடித்தபோது லேசாகத்தான் கேட்டது. காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றியதும் கணீரென்றது. நல்ல காதுக்கு இது தலைகீழாக இருக்குமாம். அப்புறம் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேட்குதும்மா?" என்றார். அதிகம் கேட்காத வலது பக்கம்தான்! உளறுகிறேனோ என்று தயங்கித்தான் சொன்னேன். அதுதான் அவர் எதிர்பார்த்த பதில். நரம்பில் கோளாறு என்றால் நல்ல காதுப் பக்கம் கேட்டிருக்குமாம்.

காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். உள்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராக அதில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. செவிப்பறையில் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மி.மீ., அங்கவடி அழுத்தும் ஜன்னல் 3 சதுர மி.மீ.க்குச் சற்று மேல். அகலமாக வாங்கிக் குறுகலாகக் குத்துவதால் அழுத்தம் 17 மடங்கு ஏறுகிறது. எனக்கு அந்த அங்கவடியைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து, மழைக்காலக் கதவு நிலையில் இறுகிக்கொள்வது போல ஜன்னலோடு இறுகிவிட்டது. பெயர் ஓட்டோஸ்கிளிரோசிஸ். இடது காதிலும் லேசாக ஆரம்பித்திருந்தது. ஜன்னலுக்கு உள்ளே ஒலியை உணரும் நத்தைக்கூடு, மயிர்ச்செல்கள், நரம்பு எல்லாம் சரியாகவே இருந்தன. காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் படத்திலும் அதுவே தெரிந்தது: எலும்பு வழிக் கோடு மேலே, காற்று வழிக் கோடு வெகு கீழே.

பஸ் மர்மமும் விடுபட்டது. இரைச்சலுக்கு மேல் கேட்கட்டும் என்று எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள். அந்த இரைச்சலோ எனக்குள் அவ்வளவாக வருவதில்லை.

காது மெஷின் போதும், ஆபரேஷன் கட்டாயமில்லை என்றார். ஆபரேஷனில் நூற்றில் ஒருவருக்கு இருக்கிற கேட்கும் திறனும் போய்விடலாம் என்பதையும் மறைக்கவில்லை. ஒரு மாதம் யோசித்துவிட்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

மரத்துப்போக ஊசி மட்டும்தான், முழு மயக்கம் இல்லை. காதுத் துளை வழியாகவே செவிப்பறையை விலக்கி, அங்கவடியின் மேல்பகுதியை எடுத்துவிட்டு, அடித்தட்டில் 1 மி.மீ. கூட இல்லாத ஓட்டை போட்டு டெஃப்லான் பிஸ்டன் என்ற குட்டித் தண்டை மாட்டினார்கள். திடீரென்று மிக மெதுவான குரலில், "சாப்டீங்களாம்மா?" என்றார் டாக்டர். "காலையிலேர்ந்து பட்டினி சார்" என்றேன். தியேட்டரே சிரித்தது.

இரண்டு நாள் கட்டில் சுற்றியது. நாக்கின் வலப்பக்கம் துரு ருசி. சுவை நரம்பு ஒன்று நடுக்காது வழியாகத்தான் போகிறதாம். காபி இரண்டு மாதம் விளங்கவில்லை. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கனம் தூக்கக் கூடாது. கைக்குழந்தைக்காரியிடம் இதைச் சொன்னால்? அத்தைதான் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

இப்போது வீட்டில் கிசுகிசுத்தாலும் கேட்கிறது. பஸ்ஸில்தான், பக்கத்தில் யாராவது ஏதாவது சொன்னால் "என்னது?" என்று குனிகிறேன்.