பலகையில் 4.61 வோல்ட்

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் மாமா வீட்டு விறாந்தையில் பல வருடங்களாகத் துணி மூடிக் கிடந்த, காசு போட்டு விளையாடும் ஆர்கேட் பெட்டியை, மாரி ஓய்ந்த கையோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே இருப்பது 1991இல் கப்கொம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டின் மின்சுற்றுப் பலகை. ஆளியைப் போட்டதும் படம் வந்தது, காசையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பத்து நிமிடம் கழிந்ததும், பெரும்பாலும் சத்தம் உச்சத்தில் இருக்கும்போது, ஆட்டம் பாதியில் அறுந்து ஆரம்பத் திரைக்குத் திரும்பிவிடும்.

"போர்ட் செத்துப்போச்சு அண்ணை, இனி இதைப் பாத்துப் பிரயோசனமில்லை" என்றான் மச்சினன். எனக்கும் முதலில் அந்த எண்ணந்தான் இருந்தது. பலகையின் விளிம்பிலுள்ள செப்புப் பட்டைகளை அழிறப்பரால் தேய்த்துத் துடைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதன் பிறகே, முதலிலேயே எடுத்திருக்க வேண்டிய, வோல்ட் அளக்கும் மல்டிமீற்றரைக் கையில் எடுத்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் வகுத்த ஜாமா இணைப்பு முறையில் பலகையின் விளிம்பில் 56 தொடுமுனைகள் உண்டு. அவற்றுள் 3, 4 ஆம் முனைகளும் அவற்றின் பின்புறத்து முனைகளும் 5 வோல்ட்டையும், 6 ஆம் முனை 12 வோல்ட்டையும் கொண்டுசெல்கின்றன. பலகையைக் கழற்றிவிட்டு மின்வழங்கியை மட்டும் அளந்தபோது 5.02 வோல்ட் காட்டியது. இந்த இடத்தில் பலர் 'பவர் சப்ளை நல்லது' என்று முடிவுகட்டிப் பலகையைக் கிண்டத் தொடங்குவார்கள். சுமையில்லாமல் அளந்த அளவு எதற்கும் சாட்சியாகாது. பலகையைப் பூட்டி ஆட்டத்தை ஓடவிட்டு அளந்தபோது மின்வழங்கியின் முனையில் 4.83 வோல்ட்டும், பலகையிலுள்ள ஒரு 14 கால் சில்லின் (சிப்) மின்வழங்கும் கால்களான 7 ஆம், 14 ஆம் கால்களுக்கிடையே 4.61 வோல்ட்டும் இருந்தன. அவ்வகைச் சில்லுகளுக்கு 4.75 வோல்ட்டுக்குக் கீழே உத்தரவாதம் கிடையாது.

ஆக, குற்றவாளிகள் இருவர். வழியில் தொலைந்த 0.22 வோல்ட்டுக்குக் காரணம் திருகாணி முனைகளில் படிந்திருந்த பச்சைக் கறல். நான்கு அம்பியர் ஓடும் கம்பியில் இருபதில் ஒரு பங்கு ஓம் தடை சேர்ந்தாலே இவ்வளவும் போய்விடும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பல மாரிகளைக் கண்ட பெட்டிக்கு அந்தத் தடை பெரிய விடயமன்று. மற்றவர் மின்வழங்கியேதான். மீற்றரை ஆடலோட்டத்துக்கு (ஏ.சி.) மாற்றி வைத்தபோது, சில பத்து மில்லிவோல்ட்டுகளுக்குள் அடங்க வேண்டிய அலைவு 300ஐத் தாண்டியது. மூடியைத் திறந்தால், வெளியீட்டுப் பக்கத்தில் அலைவை அடக்கும் கப்பாசிட்டர் (மின்தேக்கி) மூன்றின் தலைகள் உப்பியிருந்தன.

மின்வழங்கியிலுள்ள சிறு திருகைத் திருப்பி 5 வோல்ட்டை உயர்த்தும் ஆசை எல்லோருக்கும் வரும். இவ்வகை வழங்கிகள் 5 வோல்ட்டை மட்டுமே கண்காணித்துச் சீராக்குகின்றன. அதை உயர்த்தினால் 12 வோல்ட் கேட்பாரின்றிக் கூடவே ஏறும். கப்பாசிட்டரை மட்டும் மாற்றலாம் என்றால், திருகோணமலை நகரில் எனக்குக் கிடைத்தவை 85 பாகை வெப்பம் தாங்கும் சாதாரண வகை. இவ்விடத்துக்கு 105 பாகை தாங்கும், உள்தடை குறைந்த வகை வேண்டும். பழைய கணினியின் ஏ.ரி.எக்ஸ். வழங்கியைப் பொருத்தும் வழக்கமும் உண்டு, ஆனால் அதில் 5 வோல்ட்டை நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகு இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. கொழும்பிலிருந்து ஆர்கேட் பெட்டிக்கென்றே செய்யப்பட்ட, 15 அம்பியர் வழங்கியொன்றைத் தருவித்தேன்.

பொதியைப் பிரித்ததும் முதலில் பார்த்தது பக்கவாட்டிலுள்ள 115/230 ஆளியை. அது 115இல் இருந்தது! அப்படியே நமது 230 வோல்ட்டில் சொருகியிருந்தால் வெடிச்சத்தத்தோடு கதை முடிந்திருக்கும். பழையதைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தேன். உள்ளேயுள்ள பெரிய கப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். படக்குழாயின் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. புதியதன் முனை வரிசை பழையதோடு ஒத்திருக்கவில்லை. கம்பிகளின் நிறமும் வெளிறிப்போயிருந்ததால், ஒவ்வொன்றையும் விளிம்பு இணைப்பான் வரை மீற்றரால் தொடர்ந்து சென்று பெயர்ச்சீட்டு ஒட்டினேன். கறல் பிடித்த முனைகளை வெட்டி எறிந்து, புதிய வளைய முனைகளை நெரித்துப் பூட்டினேன். எவரோ அறுத்துவிட்டிருந்த எர்த் கம்பியும் மீண்டும் உலோகச் சட்டத்தில் ஏறியது. வட்டமுனைப் பிளக்குக்குப் பதிலாக உள்ளே பியூஸ் உள்ள சதுரமுனைப் பிளக் வந்தது.

முதற்தடவை பலகையைப் பூட்டவில்லை. 5 வோல்ட்டில் 5 ஓம், 10 வாற் தடையொன்றையும், 12 வோல்ட்டில் கார் பல்பு ஒன்றையும் சுமையாகக் கொடுத்து அளந்து, திருப்தியான பின்னரே பலகையை இணைத்தேன். பிறகு அதே சில்லின் அதே கால்களில் மீற்றரை வைத்துத் திருகைத் திருப்பி 5.03இல் நிறுத்தினேன். அலைவு 20 மில்லிவோல்ட்.

மூன்று பின்னேரங்களாகத் தொடர்ந்து ஓடுகிறது. மச்சினனைத்தான் பெட்டியின் முன்னாலிருந்து எழுப்ப முடியவில்லை. இரண்டாம் ஆட்டக்காரரின் உதைப் பொத்தான் ஒன்று மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. ஜாமாவில் பொதுவாக ஆளுக்கு மூன்று பொத்தான்களுக்கே இடமுண்டு என்பதால் உதைகளுக்குத் தனியாக ஓர் இணைப்பு இருக்கிறது. அதன் முனைகளிலும் அதே பச்சைக் கறலைக் கண்டேன்.