மாரி மழையும் சீனிப்பாணியும்

கார்த்திகை பிறந்து வாடைக் காற்று பிடித்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "தம்பி, மழை விடுறமாதிரித் தெரியேல்லை. சீனிப்பாணி வைக்கட்டோ?" தம்பலகாமத்திலிருந்து ஓர் அக்கா கேட்பார், நிலாவெளியிலிருந்து ஓர் ஐயா கேட்பார், மூதூர்ப் பக்கமிருந்தும் யாராவது கேட்பார்கள். திருகோணமலை மாவட்டத்தில் வீட்டு வளவுகளில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களிடம் போய்வந்து, வளர்ப்புக்கு உதவுவது என் வேலை. பூ இல்லாத நாளில் தேனீக்குத் தீனியாகச் சீனி கரைத்து வைப்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

ஓம் என்றோ வேண்டாம் என்றோ நான் போனில் சொல்வதில்லை. "பெட்டியைப் பின்பக்கமாக ஒருக்காத் தூக்கிப் பாத்தீங்களோ?" என்றுதான் கேட்பேன். கையில் கனம் தெரிந்தால் உள்ளே தேன் இருக்கிறது, பாணி தேவையில்லை. வெறும் பலகையின் பாரம் மட்டும் இருந்தால் அன்று பின்னேரமே வைக்க வேண்டும். வானத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அடைமழையிலும் நிறைந்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன், நல்ல வெயிலில் பட்டினி கிடந்த பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று நிலத்தைக் காயவைக்கும்போதும் பூ இல்லைதான். அப்போது யாரும் எனக்கு போன் எடுப்பதில்லை.

தேனீ வளர்ப்புப் பற்றிய கையேடுகளில் பல குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. அங்கே பனிக்காலத்தில் தேனீக்கள் மாதக்கணக்கில் கொத்தாக ஒடுங்கிக் கிடக்கும். நம்மிடம் மார்கழியிலும் அப்படிக் குளிர்வதில்லை. மழை இரண்டு மணித்தியாலம் விட்டாலே நம் தேனீக்கள் வெளியே போய்வந்துவிடும். தென்னை வருடம் முழுக்கப் பாளை விடுவதால் தோட்டம் பக்கத்தில் இருந்தால் மகரந்தத்துக்கு வழி உண்டு. அதனால் மழை இடைவெளியில் பெட்டி வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்வேன். காலில் மஞ்சள் உருண்டையோடு வந்து இறங்கினால் கூடு இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறது என்று அர்த்தம். நாள்கணக்கில் மழை அடித்து, வெறுங்காலோடு வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் என்ன என்று கேட்பார்கள். குஞ்சுப் புழுக்கள் இருக்கும் இடத்தைத் தேனீக்கள் 34, 35 பாகை செல்சியசில் வைத்திருக்கின்றன. ஈரக் காற்றில் மூடியைத் திறந்து கூடு கட்டிய சட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால் அந்தச் சூட்டைத் திரும்ப உண்டாக்க, உள்ளே இருக்கும் கொஞ்சத் தேனைத்தான் அவை எரிக்க வேண்டும். பசிக்கிறதா என்று பார்க்கப்போய் பசியைக் கூட்டிவிட்டு வருவோம்.

நிலாவெளி ஐயாவுக்கும் எனக்கும் இதில் தீராத வழக்கு ஒன்று உண்டு. "காட்டில இருக்கிற தேனீக்கு ஆர் சீனி கரைச்சுக் குடுக்கிறான்?" என்பார். ஞாயமான கேள்விதான். ஆனால் காட்டுக் கூட்டிலிருந்து நாம் தேன் எடுக்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறோம். என்னைக் கேட்டால் இந்த முடிவை மழையில் எடுக்கக்கூடாது. தேன் எடுக்கும் நாளிலேயே எடுக்க வேண்டும். ஓரத்து வதைகளை, அதாவது தேனடைகளை, அப்படியே விட்டுவிட்டால் மாரிக்குச் சீனி வாங்கும் வேலை பெரும்பாலும் இருக்காது. விட்டு வைக்க ஆட்களுக்கு மனம் வராததும் எனக்கு விளங்குகிறது. கடைசிப் போத்தல் தேன்தான் பிள்ளைகளின் கொப்பிக் காசு.

பயம் பட்டினிச் சாவு மட்டும் அல்ல. நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ வீட்டை விட்டு ஓடுகிற சாதி. உணவு குறைந்தால் ராணி முட்டை இடுவதைக் குறைக்கும், புழு அறைகள் வெறுமையாகும், மழை விட்டு வெளிப்பு வந்ததும் கூட்டமே கிளம்பிவிடும். உரிமையாளர் போய்ப் பார்க்கும்போது பெட்டிக்குள் மெழுகுப் பூச்சி மட்டும் இருக்கும்.

சரி, வைப்பதென்றால் எப்படி? இங்கேதான் நல்ல எண்ணமே கெடுதல் செய்கிறது. மழையில் நான் சொல்வது கெட்டிப் பாணி, இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர். சமபங்கில் தண்ணியாகக் கரைத்து ஊற்றினால், வெளியே பூ வந்துவிட்டது என்று நினைத்து ராணி முட்டையைக் கூட்டும். மூன்று கிழமையில் தின்னும் வாய் பெருகும், மழையோ அப்படியே நிற்கும். போதாக்குறைக்கு அந்தத் தண்ணீர் முழுவதையும் ஈரக் காற்றில் சிறகடித்து வற்றவைக்க வேண்டும். புழு வளர்க்க மகரந்தமும் வேண்டும், சீனி அதற்கு ஈடாகாது.

வெள்ளைச் சீனிதான் நல்லது என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள். சிவப்புச் சீனியும் பனங்கட்டியும் நமக்குச் சத்து, தேனீக்கு வயிற்றோட்டம். மழையில் வெளியே பறந்து கழிக்கவும் முடியாமல் பெட்டிக்குள்ளேயே கழித்து நோய் பரப்பும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனையும் வைக்கக்கூடாது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக்களைத் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் அழித்ததைத் தேனீ வளர்ப்பவர்கள் மறக்கவில்லை. அப்படியான நோய்க்கிருமி தேனோடும் வரலாம்.

பொழுதுபட்ட பிறகு, சிரட்டையில் ஊற்றி, மிதக்க நாலு ஈர்க்குத் துண்டு போட்டு, பெட்டிக்கு உள்ளே வைப்பது போதும். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். விடிய மிச்சம் இருந்தால் எடுத்துக் கொட்டிவிட வேண்டும், புளித்தால் அதுவும் வயிற்றோட்டம்தான்.

புயல் எச்சரிக்கை என்றால் என் பதில் வேறு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறியது. அப்படியான காற்றில் சிரட்டைப் பாணி தளும்பித் தேனீக்கள் மேல்தான் ஊற்றும். அந்த நேரத்தில் பெட்டியைத் தாங்கியிலிருந்து இறக்கி, கயிறு கட்டி, மூடிமேல் கல் வைப்பதுதான் வேலை. தீனியைக் காற்று ஓய்ந்த பிறகு யோசிக்கலாம். அதற்குப் பிறகு எறும்பு ஏறாமல் தாங்கிக் கால்களுக்கு வைத்த தண்ணிக் கிண்ணங்களையும் பார்க்க வேண்டும், வெள்ளம் கொண்டுபோயிருக்கும்.

மழை ஓய்ந்து பூ திரும்பியதும் சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்துவிடச் சொல்வேன். சிலர் பங்குனியில் வேம்பு பூத்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், பெட்டி சீக்கிரம் நிறையட்டும் என்று. தேனீ அந்தப் பாணியையும் வதையில்தான் சேர்க்கும், மெழுகு மூடி போட்டும் வைக்கும். ஆனால் அது தேன் அல்ல. அப்படி எடுத்ததற்கு நான் வாடிக்கையாளர் பிடித்துக் கொடுப்பதில்லை. இதனால் என்னோடு கதைக்காமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்.